ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மாத்திரை வந்த கதை

இன்னிக்கு கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமா படிங்க. பாதி கதை அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் நடக்கிறது. மீதி பாதி நம்ம சென்னையில் நடக்கிறது.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன்.

"ரெண்டு மாசமா ஒரே சோர்வு டாக்டர். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு. இடதுபக்கம் என்னவோ கனமா தெரியுது." இப்படிச் சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார். கையை வைத்துப் பார்த்தால் மண்ணீரல் வீங்கித் தொப்புள் வரை வந்திருக்கும். ஒரு சாதாரண சிபிசி எடுத்தால், 4,000 முதல் 11,000க்குள் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் 1,80,000 இருக்கும். சில பேருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. வேலைக்குச் சேர மெடிக்கல் செக்கப் போன இடத்தில் தற்செயலாகத் தெரியவரும்.

இதற்குப் பெயர் க்ரானிக் மைலாய்டு லுக்கீமியா. சுருக்கமா சிஎம்எல். மேலை நாடுகளில் பெரும்பாலும் 60 வயதை ஒட்டி வருகிறது. நம் நாட்டில் 30களிலும் 40களிலும் இருப்பவர்களிடம் அதிகம் பார்க்கிறோம். அதாவது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் வயது, வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும் வயது.

1990களில் இந்த நோய் வந்தவரிடம் மருத்துவர் சொல்ல வேண்டியிருந்தது இதுதான்: மூணு வருஷம், நல்லா இருந்தா அஞ்சு வருஷம். முதலில் நோய் மெதுவாகப் போகும். பிறகு ஒருநாள் வேகமெடுக்கும். கடைசியில் 'பிளாஸ்ட் க்ரைசிஸ்' என்ற கட்டத்துக்குப் போனால் சில மாதங்களில் முடிந்துவிடும். தப்பிக்க ஒரே வழி எலும்பு மஜ்ஜை மாற்று. அதற்குப் பொருந்துகிற உடன்பிறப்பு வேண்டும், வயது ஒத்துவர வேண்டும், பணம் வேண்டும். அந்தச் சிகிச்சையிலேயே இறந்தவர்களும் உண்டு.

இன்று? தினமும் மாத்திரை. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், அந்த மாத்திரையில் ஆரம்பித்தவர்களில் 10 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 83 சதவீதம்.

ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு பெரிய மாற்றம் புற்றுநோய் மருத்துவத்தில் ரொம்ப அபூர்வம். எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

நோயைப் பற்றி 1845லேயே எழுதிவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் ஜான் ஹியூஸ் பென்னட், ஜெர்மனியில் ருடால்ஃப் ஃபிர்ஷோ. 'லுக்கீமியா' என்ற பெயர் ஃபிர்ஷோ வைத்தது. கிரேக்கத்தில் 'வெள்ளை ரத்தம்' என்று அர்த்தம். அதன்பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக, காரணம் தெரியாமலேயே வைத்தியம் பார்த்தார்கள். ஆர்சனிக் கரைசல் கொடுத்தார்கள் (ஆமாங்க, பாஷாணம்தான்). மண்ணீரலுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 1950களில் புசல்ஃபான் வந்தது, பிறகு ஹைட்ராக்சியூரியா. எல்லாமே வெள்ளையணு எண்ணிக்கையைக் குறைத்தன. நோயின் போக்கை மாற்றவில்லை. 1980களில் இன்டர்ஃபெரான் ஊசி வந்தபோது சிலருக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் தினம் ஊசி, தினம் காய்ச்சல், உடம்பு வலி, மனச்சோர்வு. பாதியிலேயே விட்டவர்கள் பலர்.

காரணத்தின் முதல் நுனி 1960ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் சிக்கியது.

பீட்டர் நோவெல் என்ற இளம் நோயியல் மருத்துவர் லுக்கீமியா செல்களை வளர்த்துச் சாயம் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை ஸ்லைடைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். செல்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பின. உள்ளே சிக்கிக் கிடந்த குரோமோசோம்கள் பிரிந்து தனித்தனியாகத் தெரிந்தன. அவருக்கு குரோமோசோம் பற்றி அவ்வளவாகத் தெரியாது. அதே ஊரில் அதில் பழக்கம் இருந்த டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற ஆராய்ச்சி மாணவரைச் சேர்த்துக்கொண்டார். சிஎம்எல் நோயாளிகளின் செல்களில் ஒரே ஒரு குரோமோசோம் மட்டும் எப்போதும் குட்டையாக இருப்பதை ஹங்கர்ஃபோர்ட் கவனித்தார். சில பத்திகளே கொண்ட ஒரு குறிப்பாக அதை வெளியிட்டார்கள். ஊர்ப் பெயரையே வைத்து 'ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

ஒரு புற்றுநோயோடு ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு எப்போதும் சேர்ந்தே இருப்பது தெரியவந்தது அதுதான் முதல் முறை. ஆனால் அந்தக் குரோமோசோமில் காணாமல் போன துண்டு எங்கே போனது? 13 வருடம் யாருக்கும் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் சிகாகோவைச் சேர்ந்த டாக்டர் ஜேனட் ரோலி. நாலு மகன்களை வளர்த்துக்கொண்டே வாரத்தில் சில நாட்கள் மட்டும் வேலைக்குப் போய்வந்தவர். 1970களின் தொடக்கத்தில் குரோமோசோமில் பட்டை பட்டையாகத் தெரியும்படி சாயம் ஏற்றும் முறை புதிதாக வந்திருந்தது. ரோலி அந்தப் படங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரிக்கோலால் வெட்டி ஜோடி சேர்ப்பார். அம்மா காகித பொம்மை வெட்டி விளையாடுறாங்க என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

அந்த மேசையில்தான் விஷயம் பிடிபட்டது. துண்டு காணாமல் போகவில்லை. 22ஆம் குரோமோசோமின் வால் உடைந்து 9ஆம் குரோமோசோமில் ஒட்டியிருந்தது. 9ன் நுனி 22க்கு வந்திருந்தது. ரெண்டும் இடம் மாறிக்கொண்டிருந்தன. 1973ல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்.

அடுத்த 17 வருடத்தை வேகமாகக் கடந்துவிடுவோம். நிறைய பேர், நிறைய ஆய்வகங்கள். சாரம் இதுதான்: அந்த இடமாற்றத்தில் 9ல் இருந்த ஏபிஎல் என்ற மரபணு, 22ல் இருந்த பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. (கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த பிசிஆர் வேற. ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேற. தமிழில் எழுதினால் ரெண்டும் ஒண்ணாயிடுது, என்ன செய்ய.) இந்த ஒட்டு மரபணு ஒரு புதிய புரதத்தை உண்டாக்குகிறது. அந்தப் புரதம் டைரோசின் கைனேஸ் வகையைச் சேர்ந்த ஒரு என்சைம். 1990ல் இந்த ஒட்டு மரபணுவை எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். எலிகளுக்கு அதே மாதிரி ரத்தப் புற்றுநோய் வந்தது. குற்றவாளி இதுதான் என்பது உறுதியானது.

புரியும்படி சொல்கிறேன். உங்க வீட்டுத் தண்ணீர் மோட்டாரை நினைச்சுக்கோங்க. தொட்டி காலியானால் போடுகிறோம், நிறைந்தால் அணைக்கிறோம். சாதாரண ஏபிஎல் அப்படித்தான்: தேவைப்படும்போது 'செல்லே, பெருகு' என்று கட்டளை போடும், பிறகு நின்றுவிடும். ஒட்டு மரபணுவில் அந்த சுவிட்ச் 'ஆன்' நிலையிலேயே சிக்கிக்கொள்கிறது. மோட்டார் இரவும் பகலும் ஓடுகிறது. தொட்டி வழிகிறது, மாடி வழிகிறது, தெருவெல்லாம் தண்ணீர். பழைய மருந்துகள் வழிந்த தண்ணீரை வாளியில் அள்ளிக் கொட்டின. சுவிட்சை யாரும் தொடவில்லை.

இங்கேதான் டாக்டர் பிரையன் ட்ரக்கர் வருகிறார்.

1955ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். 1980களில் பாஸ்டனில் உள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் பயிற்சி. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஆய்வகத்துக்குள் போய் இந்த கைனேஸ்களைப் படிக்க ஆரம்பித்தார். அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் சீபா-கெய்கி என்ற மருந்து நிறுவனத்தில் அலெக்ஸ் மேட்டர், நிக்கலஸ் லைடன் ஆகியோரின் குழு, கைனேஸ்களை அடைக்கும் வேதிப்பொருட்களைத் தேடிக்கொண்டிருந்தது. ட்ரக்கரும் லைடனும் 1980களின் கடைசியில் சந்தித்தார்கள். எந்த நோயில் முதலில் பார்க்கலாம் என்ற பேச்சில் ட்ரக்கர் சொன்னது: சிஎம்எல். ஏன்? மற்ற புற்றுநோய்களில் பத்து சுவிட்ச் கெட்டிருக்கும். இதில் ஒன்றுதான் கெட்டிருக்கிறது.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்குப் பெரும்பாலான விஞ்ஞானிகள் இதை நம்பவில்லை. நம் உடம்பில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஏடிபி என்ற எரிபொருள் வந்து உட்கார ஒரு குழி உண்டு. அந்தக் குழிகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றை அடைக்கப் போய் எல்லாவற்றையும் அடைத்தால் நோயாளி என்ன ஆவார்? நியாயமான பயம்தான்.

யுர்க் சிம்மர்மன் என்ற வேதியியலாளர் மூலக்கூறின் ஓர் ஓரத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்து, திரும்பத் திரும்பச் சோதித்து, அந்த ஒரு குழியில் மட்டும் நன்றாகப் பொருந்தும் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். சுவிட்சுக்குள் கரண்ட் போகாமல் செருகும் ஒரு சின்ன ஆப்பு என்று வெச்சுக்கோங்க.

இதற்கிடையில் பாஸ்டனில் ட்ரக்கருக்கு ஒரு சிக்கல். அவர் வேலை செய்த நிலையம் வேறொரு மருந்து நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டிருந்தது. அதனால் சீபா-கெய்கியுடன் அவர் சேர்ந்து வேலை செய்ய முடியவில்லை. 1993ல் அமெரிக்காவின் மறுகோடியில், ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரப் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறினார். போனதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று லைடனைத் தொலைபேசியில் அழைத்தது. ஏதாவது கைவசம் இருக்கா? இருந்தது. சில வேதிப்பொருட்கள் போர்ட்லண்டுக்கு வந்தன. அவற்றில் ஒன்று ஆய்வகத் தட்டில் சிஎம்எல் செல்களின் வளர்ச்சியை 92 முதல் 98 சதவீதம் வரை குறைத்தது. பக்கத்தில் இருந்த நல்ல செல்களைத் தொடவில்லை. 1996ல் முடிவுகள் வெளிவந்தன.

அந்த வருடமே சீபா-கெய்கியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆனது. புதிய நிறுவனத்தில் இந்த மருந்துக்கு ஆதரவு கம்மி. காரணம் கணக்கு. அமெரிக்காவில் வருடத்துக்குப் புதிதாக சிஎம்எல் வருபவர்கள் 5,000 பேர் அளவில்தான். அவர்களுக்காகக் கோடிக்கணக்கில் செலவு செய்து போட்ட காசை எடுக்க முடியுமா? விலங்குச் சோதனையிலும் பிரச்சனை வந்தது. ஊசி வழியாகக் கொடுத்தபோது நாய்களுக்கு ரத்தக் கட்டி, அதிக அளவில் கொடுத்தபோது கல்லீரல் பாதிப்பு. மாத்திரையாக மாற்றினார்கள். அப்போதும் தயக்கம். ட்ரக்கர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்த நோயாளிகளுக்குக் காத்திருக்க நேரம் இல்லை.

1998 ஜூன் மாதம் முதல் கட்ட மனிதச் சோதனை தொடங்கியது. போர்ட்லண்டில் ட்ரக்கர், லாஸ் ஏஞ்சலஸில் சார்லஸ் சாயர்ஸ், ஹூஸ்டனில் மோஷே டல்பாஸ். இன்டர்ஃபெரான் கைவிட்ட நோயாளிகள்தான் வந்தார்கள். முதல் கட்டச் சோதனையில் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மாட்டோம். பாதுகாப்பானதா, எவ்வளவு தாங்கும் என்று மட்டும்தான் பார்ப்போம். 25 மில்லிகிராமில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டினார்கள்.

தினமும் 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்த, நோய் இன்னும் வேகமெடுக்காத நிலையில் இருந்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் இயல்பு நிலைக்கு வந்தன. பெரும்பாலும் நாலு வாரத்துக்குள்.

54ல் 53. புற்றுநோய் மருந்துகளின் முதல் கட்டச் சோதனையில் நூற்றுக்குப் பத்து பேருக்குப் பலன் கிடைத்தாலே சந்தோஷப்படுவோம்.

செய்தி பரவியது. அப்போதுதான் இணையம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்த நேரம். நோயாளிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். சோதனைக்குப் போதுமான மருந்து தயாராகவில்லை என்று தெரிந்ததும், 1999ல் கனடாவைச் சேர்ந்த ஒரு நோயாளி இணையத்திலேயே ஆயிரக்கணக்கில் கையெழுத்து திரட்டி நிறுவனத்தின் தலைவருக்கு அனுப்பினார். உற்பத்தி கூடியது. அமெரிக்க எஃப்டிஏ மூணு மாதத்துக்குள் பரிசீலனையை முடித்து 2001 மே 10 அன்று அனுமதி கொடுத்தது. மருந்தின் பெயர் இமாட்டினிப். கடைப் பெயர் அமெரிக்காவில் க்ளீவெக், நம்ம பக்கம் க்ளிவெக். 2009ல் ட்ரக்கர், லைடன், சாயர்ஸ் மூவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

மருத்துவப் புத்தகங்களில் கதை இங்கே முடிந்துவிடும். என்னைக் கேட்டால் முக்கியமான பாதி இனிமேல்தான்.

இந்தியாவில் க்ளிவெக்கின் விலை ஒரு மாதத்துக்கு சுமார் 1,20,000 ரூபாய். 2003 வாக்கில். அன்றைய அரசு ஊழியரின் சம்பளத்தை நினைச்சுப் பாருங்க. நோய் குணமாகும்வரை ஆறு மாதம் சாப்பிடும் மருந்தும் இல்லை இது. வாழ்நாள் முழுக்க.

அதே சமயம் நாட்கோ, சிப்ளா போன்ற இந்திய நிறுவனங்கள் அதே மூலக்கூறைத் தயாரித்து மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்கு விற்கத் தொடங்கின. எப்படி முடிந்தது? இதற்கு 1950களுக்குப் போக வேண்டும், ஒரு தமிழ்நாட்டு நீதிபதியிடம்.

சுதந்திரம் வந்தபோது நம்மிடம் இருந்தது 1911ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட காப்புரிமைச் சட்டம். மருந்துகள் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களுடையவை, விலை உலகத்திலேயே மிக அதிகமான விலைகளில் ஒன்று. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்காரிடம் இந்தச் சட்டத்தை ஆராயும் பொறுப்பை மத்திய அரசு கொடுத்தது. 1959ல் அவர் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில்தான் 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் வந்தது. உணவுக்கும் மருந்துக்கும் பொருள் மீது காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான். அதாவது சாம்பாருக்கு உரிமை கிடையாது, நீங்க வைக்கும் பக்குவத்துக்கு மட்டும் உரிமை. வேறு பக்குவத்தில் யார் வேண்டுமானாலும் சாம்பார் வைக்கலாம். இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது இந்தச் சட்டத்தின் நிழலில்தான்.

1995ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் இதை மாற்ற வேண்டிய கட்டாயம். பத்து வருடம் அவகாசம் கிடைத்தது. 2005லிருந்து மருந்துப் பொருளுக்கே காப்புரிமை உண்டு என்று ஆனது. ஆனால் அப்போது நாடாளுமன்றம் ஒரு பிரிவைச் சேர்த்தது. 3(டி). ஏற்கனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் பலன் கூடியிருப்பதை நிரூபித்தால் ஒழிய காப்புரிமை கிடையாது. பழைய மருந்தை லேசாக மாற்றிவிட்டு இன்னும் 20 வருடம் ஏகபோகம் கேட்கும் பழக்கத்துக்குப் போட்ட அணை இது.

இப்போ இமாட்டினிப்புக்கு வருவோம். சிம்மர்மனின் மூலக்கூறுக்கு வெளிநாடுகளில் காப்புரிமை கேட்டது 1993 வாக்கில். அப்போது இந்தியாவில் பொருளுக்குக் காப்புரிமையே கிடையாது. அதனால் 1998ல் நோவார்ட்டிஸ் இங்கே விண்ணப்பித்தது, இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு. எந்த அலுவலகத்தில்? சென்னை காப்புரிமை அலுவலகத்தில்.

2003ல், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே, தற்காலிகமாகத் தனி விற்பனை உரிமை கொடுக்கப்பட்டது. 2004 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சில இந்திய நிறுவனங்களுக்குத் தடை போட்டது. மலிவு மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த நோயாளிகளுக்கு அது எப்படிப்பட்ட செய்தி என்று யோசிங்க. மும்பையைச் சேர்ந்த கேன்சர் பேஷண்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் என்ற நோயாளிகள் உதவி அமைப்பும் இந்திய நிறுவனங்களும் அந்தக் காப்புரிமையை எதிர்த்து மனு கொடுத்தார்கள். 2006 ஜனவரி 25 அன்று சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது.

நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிராகரிப்பு தவறு என்பதோடு நிற்கவில்லை. 3(டி) பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம், உலக வர்த்தக ஒப்பந்தத்துக்கும் விரோதம் என்றது. இப்போது விஷயம் ஒரு மாத்திரையைத் தாண்டிவிட்டது. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகள் சாப்பிட்ட மருந்துகளில் பெரும்பகுதி இந்தியாவில் தயாரானவை. அந்தப் பிரிவு விழுந்தால் நாளைக்கு அந்த மருந்துகளின் கதி என்ன? வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 3(டி) செல்லும் என்று தீர்ப்பளித்தது. சர்வதேச ஒப்பந்தத்துக்கு முரணா என்பதை விசாரிக்கும் இடம் இந்த நீதிமன்றம் இல்லை என்றும் சொன்னது.

அடுத்து மேல்முறையீட்டு வாரியம். அதுவும் அன்று சென்னையில்தான் இருந்தது. 2009ல் அங்கும் காப்புரிமை கிடைக்கவில்லை. கடைசியாக உச்ச நீதிமன்றம். நீதிபதிகள் ஆஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய். 2013 ஏப்ரல் 1.

நிறுவனத்தின் வாதம்: புதிய வடிவம் உடம்பில் 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது, இது முன்னேற்றம் இல்லையா? நீதிமன்றத்தின் பதில்: மருந்து விஷயத்தில் 'பலன்' என்றால் நோயைத் தீர்க்கும் பலன். கூடுதலாக உறிஞ்சப்படுவதால் நோயாளிக்குக் கூடுதலாக என்ன நன்மை கிடைத்தது என்று காட்டவில்லை. மனு தள்ளுபடி.

'இந்தியா கண்டுபிடிப்பைத் திருடிவிட்டது' என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எழுதியவர்களும் உண்டு. 'பன்னாட்டு நிறுவனம் என்றாலே கொள்ளை' என்று நம்ம ஊரில் எழுதியவர்களும் உண்டு. ரெண்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. பாசலில் அந்த வேதியியலாளர்கள் வருடக்கணக்கில் உட்காராமல் இந்த மாத்திரை இல்லை. நோவார்ட்டிஸ் இந்தியாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு இலவசத் திட்டத்தில் மருந்து கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் இலவசம் என்பது கொடுப்பவர் நினைக்கும்வரைதான். கடையில் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைப்பது வேறு விஷயம்.

அந்த மூலக்கூறுக்குப் பின்னால் நோவெல், ரோலி, போர்ட்லண்ட் ஆய்வகம் என்று நாற்பது வருடப் பல்கலைக்கழக ஆராய்ச்சி இருக்கிறது, அதில் பெரும்பகுதி மக்கள் வரிப்பணம். 2001ல் அமெரிக்காவில் வருடத்துக்கு 30,000 டாலருக்குப் பக்கமாக இருந்த விலை, 2012ல் 92,000 டாலர் ஆகியிருந்தது. மாத்திரை அதே மாத்திரைதான். 2013ல் உலகின் சிஎம்எல் நிபுணர்கள் நூறு பேருக்கு மேல் சேர்ந்து 'ப்ளட்' என்ற மருத்துவ இதழில் இந்த விலைகளைக் கண்டித்து எழுதினார்கள். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பிரையன் ட்ரக்கர்.

2015ல் உலக சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

சிலருக்கு இந்த மருந்து காலப்போக்கில் வேலை செய்யாமல் போகும். சுவிட்சின் உள்வடிவம் மாறி ஆப்பு பொருந்தாமல் போய்விடுவதுதான் காரணம் என்று சாயர்ஸ் 2001லேயே காட்டினார். அதற்கேற்ப டாசாட்டினிப், நிலோட்டினிப், போனாட்டினிப் என்று அடுத்த தலைமுறை மாத்திரைகள் வந்திருக்கின்றன. மாற்ற வழி உண்டு, பயப்பட வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது வேறு. மாத்திரை கையில் இருந்தும் சாப்பிடாமல் விடுவது.

ஏன் விடுகிறார்கள்? மூணாவது மாதமே வெள்ளையணு எண்ணிக்கை சரியாகிவிடும். மண்ணீரல் சுருங்கிவிடும். உடம்பு நன்றாக இருக்கும். 'அதான் சரியாயிடுச்சே, எதுக்கு தினமும்?' அதோடு பக்கவிளைவுகள். கெண்டைக்கால் பிடிப்பு, காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல். நம்ம நிறத்துக்காரர்களுக்குத் தோல் வெளுப்பதும் நன்றாகத் தெரியும். 'என்ன, ஆளே கலர் மாறிட்டீங்க' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல முடியாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கல்யாணம் பேசும்போது மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்கும் வீடுகளும் இருக்கின்றன.

லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2010ல் வெளிவந்தது. வருடக்கணக்கில் இமாட்டினிப் எடுத்துக்கொண்டிருந்த 87 பேரின் மாத்திரை பாட்டில் மூடியில், எப்போது திறக்கப்படுகிறது என்று பதியும் ஒரு சிப் வைத்தார்கள். மூணு மாதம் பார்த்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களில் ஆறு வருடத்தில் நோய் மரபணு அளவில் நன்றாக அடங்குவதற்கான வாய்ப்பு 94.5 சதவீதம். 90 அல்லது அதற்குக் கீழ் எடுத்தவர்களுக்கு 28.4. மாதத்தில் நாலைந்து மாத்திரை விடுவதால் வரும் வித்தியாசம் இது. ஆப்பு இருக்கும்வரை மோட்டார் நிற்கும். எடுத்தால் திரும்ப ஓடும், ஏன்னா சுவிட்ச் இன்னும் கெட்டுப்போன சுவிட்ச்தான்.

'அப்போ ஆயுசுக்கும் சாப்பிடணுமா டாக்டர்?' எல்லோருக்கும் அப்படி இல்லை. பிரான்சில் ஓர் ஆய்வு: ரெண்டு வருடத்துக்கு மேலாக மிக நுணுக்கமான பரிசோதனையிலும் நோய் தென்படாத 100 பேருக்கு, கண்காணிப்போடு மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். சுமார் 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு மறுபடி மாத்திரை தொடங்கியதும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அடங்கியது. ஆனால் கவனிங்க, இது மருத்துவர் முடிவு செய்து, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே செய்வது. நீங்களாக நிறுத்துவது இதில் சேராது.

உங்க வீட்டிலோ தெரிந்த இடத்திலோ யாராவது இந்த மாத்திரை எடுத்தால் இதை மட்டும் செய்யுங்க. மாத்திரையைச் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுக்கச் சொல்லுங்க, குமட்டல் பாதி குறையும். கால் பிடிப்பு, வீக்கம், தோல் நிறம் எதுவானாலும் நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்க. ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது, அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். குழந்தை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே பேச வேண்டும், கர்ப்பத்தில் இந்த மாத்திரை கூடாது. சிபிசி சரியாக இருக்கிறது என்று அந்த மரபணுப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. தொடக்கத்தில் மூணு மாதத்துக்கு ஒருமுறை. ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசைப்படி ஒரே ஃபைலில் வையுங்க. ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் அந்த ஃபைல் கூடவே போகணும். பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கி வெச்சிடுங்க.